எதிர்க்காற்றில் ஏறும் இரட்டைப் படகு

ஆடி மாதத்தில் பல்லடத்திலிருந்து கோவைக்குச் சைக்கிளில் வந்தவர்களுக்கு எதிர்க்காற்று இன்னதென்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயின் ஏறத்தாழ 30 கி.மீ. அகலமுள்ள இடைவெளியில் புகுந்து வரும் பருவக்காற்று, மிதிப்பவரின் மார்பில் கை வைத்துத் தள்ளுவது போலிருக்கும். சைக்கிள்காரருக்காவது கால்கள் இருக்கின்றன. காற்றைத் தவிர வேறு எந்த உந்துதலும் இல்லாத ஒரு பாய்மரப் படகு, அதே காற்று வருகின்ற திசையை நோக்கிச் செல்ல முடியுமா?

முடியாது என்றே தோன்றும். வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டால் பத்துக்கு எட்டு மாணவர்கள் முடியாது என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் முடியும். நேராக அன்று, வளைந்து வளைந்து.

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலையுச்சியை நோக்கி எந்தப் பேருந்தும் செங்குத்தாக ஏறுவதில்லை. சரிவுக்குக் குறுக்காக ஒரு புறம் சென்று சிறிது ஏறுகிறது. திரும்பி மறுபுறம் சென்று இன்னும் சிறிது ஏறுகிறது. பாய்மரப் படகும் அப்படியே. காற்று வரும் திசைக்கு 45 அல்லது 50 பாகை சாய்வாக இடப்புறம் சிறிது தூரம் ஓடும். பிறகு மூக்கைத் திருப்பிக்கொண்டு அதே சாய்வில் வலப்புறம் ஓடும். ஒவ்வோர் ஓட்டத்திலும் காற்றின் பிறப்பிடத்தை நோக்கிச் சிறிது முன்னேறியிருக்கும்.

உவமை இதுவரை சரி. ஆனால் பேருந்தை ஏற்றுவதற்கு எஞ்சின் இருக்கிறது. படகை ஏற்றுவது எது? படகைப் பின்னுக்குத் தள்ள வேண்டிய காற்றே அதனை முன்னுக்கு இழுக்கிறது என்றால், அந்த மாற்றம் எங்கே நிகழ்கிறது? சிறிய பந்தயப் படகு ஒன்றை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம். அது எதிர்க்காற்றில் நன்றாக ஏற என்ன செய்ய வேண்டும் என்பதும் அப்போது தானே விளங்கும்.

பெயர் நம்முடையது

நாம் எடுத்துக்கொள்ளும் படகு 5 அல்லது 6 மீட்டர் நீளமுள்ளது. ஒல்லியான இரண்டு ஓடங்களை இடைவெளி விட்டு நிறுத்தி, குறுக்குச் சட்டங்களால் இணைத்து, நடுவே அழுத்தமான துணியை விறைப்பாகக் கட்டியிருப்பார்கள். ஓட்டுபவர்கள் அத்துணியின் மேல்தான் அமர்வர். உலகெங்கும் இதற்குக் 'காட்டமரான்' என்று பெயர்.

நம் 'கட்டுமரம்' என்ற சொல்லே இவ்வாறு திரிந்திருக்கிறது. சோழமண்டலக் கரையில் மீனவர்கள் மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டி அலைகளைத் தாண்டுவதைக் கண்ட ஐரோப்பியர்கள் இச்சொல்லை எடுத்துச் சென்றனர். ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில் இச்சொல் வந்துவிட்டது. பிற்காலத்தில், பசிபிக் தீவினர் பயன்படுத்திய இரட்டை ஓடங்களுக்கும் அவற்றைப் போன்று செய்த படகுகளுக்கும் இப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஆகவே பெயர் நம்முடையது. இரட்டைப் படகின் அமைப்பு நம்முடையதன்று. எனினும் நம் கட்டுமரத்துக்கும் இன்றைய பந்தயப் படகுக்கும் பெயரைக் காட்டிலும் நெருக்கமான உறவொன்று உண்டு. அதனைப் பின்னர் காண்போம்.

இரட்டைப் படகின் சிறப்பு அதன் வேகம். ஓடங்கள் ஒல்லியாக இருப்பதால் நீரைக் கிழித்துச் செல்கையில் பெரிய அலைகளை எழுப்புவதில்லை. அலை எழுப்புவதில் வீணாகும் ஆற்றல் குறைவு. கவிழாமல் இருக்க அடியில் ஈயமும் இரும்பும் சுமக்க வேண்டியதில்லை. இரண்டு ஓடங்களின் இடையகலமே அந்த வேலையைச் செய்கிறது. 1876-இல் அமெரிக்கர் நத்தானியல் ஹெர்ஷாஃப் 'அமரில்லிஸ்' என்ற இரட்டைப் படகை நியூயார்க்கில் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார். அது மற்றப் படகுகளைப் பின்தள்ளிய வேகத்தைக் கண்டு, தோற்றவர்கள் அதனைப் பந்தயத்திலிருந்தே விலக்கச் செய்தனர்!

ஆனால் எதிர்க்காற்றில் ஏறுவது இவ்வகைப் படகின் பலவீனம் என்று நெடுநாளாகவே ஒரு குறை உண்டு. குறை பாயில் இருக்கிறது என்று எண்ணிப் பலர் புதிய பாய் வாங்குகிறார்கள். பெரும்பாலும் குறை பாயில் இருப்பதில்லை.

ஒரு மேசை விசிறியும் கடுகும்

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நன்றாக உருளும் சக்கரங்கள் உள்ள ஒரு பொம்மைக் காரின் மேல், தபால் அட்டை அளவுள்ள ஓர் அட்டையைச் செங்குத்தாக ஒட்டுங்கள். அட்டை, காரின் நீளவாட்டக் கோட்டுக்கு ஏறத்தாழ 25 பாகை சாய்ந்திருக்க வேண்டும். மேசை விசிறியை, காரின் மூக்குக்கு நேர் எதிரே வைக்காமல் 60 பாகை பக்கவாட்டில் வையுங்கள். அட்டையின் பின் ஓரம் விசிறிக்கு அப்பால் விலகியிருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். விசிறியைப் போட்டதும், காற்று சாய்வாக முன்னிருந்து வீசினாலும் கார் முன்னோக்கியே நகரும். விசிறியை 50 பாகைக்கும் 45 பாகைக்கும் நகர்த்திப் பாருங்கள். எந்தக் கோணத்தில் கார் நின்றுவிடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது காரை எடுத்துவிட்டு, வழவழப்பான மேசையின் மேல் ஒரு கைப்பிடி கடுகைப் பரப்புங்கள். அதன் மேல் மெல்லிய பலகைத் துண்டொன்றை வைத்து, அதே அட்டையை அதே கோணத்தில் நிறுத்துங்கள். விசிறியைப் போட்டால் பலகை முன்னே போகாது. காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் ஒதுங்கிப் போய்விடும்.

காற்று ஒன்றே, பாய் ஒன்றே. மாறியது அடிப்பகுதி மட்டும். சக்கரம் முன்னும் பின்னும் உருளும்; பக்கவாட்டில் நகர மறுக்கும். கடுகுக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான். ஈரமான புளியங்கொட்டையை இரு விரல்களுக்கிடையே அழுத்தினால் அது முன்னே துள்ளி ஓடுகிறதல்லவா? இரண்டு விரல்களும் பக்கவாட்டில்தான் அழுத்துகின்றன. கொட்டை ஓடுவது வேறு திசையில். ஒரு விரலை எடுத்துவிட்டால் கொட்டை ஓடாது, நழுவிவிடும். படகுக்குக் காற்று ஒரு விரல்; நீர் மற்றொரு விரல்.

பாயில் பிறக்கும் விசை

பாய் என்பது காற்றைப் பிடித்து வைக்கும் பை அன்று. காற்றின் போக்கைத் திருப்பிவிடும் வளைந்த பரப்பு. காற்றைப் பாய் ஒரு பக்கம் திருப்புகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று பாயை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. வளைவின் வெளிப்புறத்தில் காற்று விரைந்து ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைகிறது, உட்புறத்தில் அழுத்தம் கூடுகிறது என்று பெர்னூலியின் வழியிலும் இதனைச் சொல்லலாம், இரண்டும் ஒன்றே. (பரப்பின் இரு புறமும் பிரிந்து சென்ற காற்றுத் துகள்கள் மறுமுனையில் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டியிருப்பதால்தான் வெளிப்புறக் காற்று விரைகிறது என்று சில புத்தகங்களில் இன்னும் காணப்படுகிறது. அப்படிச் சந்திக்க வேண்டிய கட்டாயம் ஏதும் அவற்றுக்கு இல்லை, சந்திப்பதும் இல்லை.)

இவ்வாறு பிறக்கும் விசையை இரண்டு கூறுகளாகப் பிரிக்கலாம். காற்றின் திசைக்குச் செங்குத்தாக இருப்பதைக் குறுக்கு விசை என்றும், காற்றின் திசையிலேயே இருப்பதைப் பின்னிழுப்பு என்றும் அழைப்போம். நல்ல பாயில் முன்னது பெரிது, பின்னது சிறிது.

இங்கே காற்று என்பது கரையில் நிற்பவர் உணரும் காற்று அன்று; படகிலிருப்பவர் உணரும் காற்று. கோவையிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில் மேல்காற்று பக்கவாட்டில்தான் அடிக்கும். ஆனால் ஸ்கூட்டரில் விரைந்து செல்பவருக்கு அது முன்னாலிருந்து சாய்வாக வருவதாகத் தோன்றும். அவருடைய சொந்த வேகத்தால் எழும் எதிர்க்காற்றும் மேல்காற்றும் வெக்டர் முறையில் சேர்ந்துவிடுகின்றன. இதனைச் சார்புக் காற்று எனலாம். காற்றின் வேகம் மணிக்கு 20 கி.மீ. என்று கொள்வோம். படகு அதற்கு 50 பாகை சாய்வாக மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் ஏறுகிறது. இணைகர விதிப்படி கணக்கிட்டால், படகிலிருப்பவருக்குக் காற்று மணிக்கு 33 கி.மீ. வேகத்தில், மூக்கிலிருந்து 28 பாகையில் வரும். படகு விரைய விரைய, காற்று வலுக்கவும் செய்கிறது. முன்பக்கமாக நகர்ந்தும் விடுகிறது. வேகமான படகுக்கு எப்போதும் எதிர்க்காற்றே!

உடுமலைப் பக்கம் செல்வோர் காற்றாலைகளைக் காணலாம். அவற்றின் இறக்கை நுனி காற்றைக் காட்டிலும் ஆறு மடங்குக்கும் மேலான வேகத்தில் சுற்றுவதுண்டு. காற்றுக்குக் குறுக்காக ஓடும் பரப்பு, தன்னைத் தள்ளும் காற்றைவிட வேகமாக ஓட முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. இறக்கையும் ஒரு பாய்தான். நேர்கோட்டில் ஓடாமல் வட்டத்தில் ஓடுகிறது, அவ்வளவே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்றாலையைக் காற்று பின்னுக்குத் தள்ளும் விசை மிகப் பெரியது. அதனைத் தாங்குவது உயர்ந்த தூணும், மண்ணுக்குள் புதைந்த கான்கிரீட் அடித்தளமும். படகுக்கு அந்த அடித்தளம் எங்கே?

இரண்டு கோணங்களின் கூட்டல்

நீரில்தான். படகு முன்னே ஓடும்போது, நீருக்குள் இருக்கும் பகுதி சிறிதளவு பக்கவாட்டில் சாய்ந்து செல்கிறது. அந்தச் சாய்வினால் நீரிலும் குறுக்கு விசையும் பின்னிழுப்பும் பிறக்கின்றன. அதாவது நீருக்குள்ளும் ஒரு பாய் இருக்கிறது என்று கொள்ளலாம். ஒரே வேகத்தில் செல்லும் படகில் காற்றின் தொகுபயன் விசையும் நீரின் தொகுபயன் விசையும் சமமாகவும் எதிராகவும் இருக்க வேண்டும்.

இதிலிருந்து மிக எளிய ஒரு விதி கிடைக்கிறது. பாயில் குறுக்கு விசை 4 பங்கும் பின்னிழுப்பு 1 பங்கும் இருந்தால், தொகுபயன் விசை செங்குத்திலிருந்து 14 பாகை பின்சாய்ந்திருக்கும். இதனைப் பாயின் இழுவைக் கோணம் என்போம். நீரடிப் பகுதிக்கும் அதே 4-க்கு 1 என்றால் அதன் இழுவைக் கோணமும் 14 பாகை. இரண்டையும் கூட்டினால் 28. சார்புக் காற்றுக்கும் படகு செல்லும் பாதைக்கும் இடையேயுள்ள கோணம் இந்தக் கூட்டுத்தொகைக்குச் சமமாகத்தான் இருக்கும், குறையாது. மேலே கணக்கிட்ட 28 பாகை இதுவே. ஆங்கிலப் பொறியியலறிஞர் லாஞ்செஸ்டர் 1907-ஆம் ஆண்டிலேயே இவ்விதியை எடுத்துக் காட்டினார்.

இவ்விதியின் அழகு, காற்றையும் நீரையும் அது சமமாக நடத்துவதே. பாயில் ஒரு பாகையைக் குறைத்தாலும் நீரடியில் ஒரு பாகையைக் குறைத்தாலும் பயன் ஒன்றுதான். இனி, நீரடிப் பகுதி மோசமாக இருந்தால் என்னவாகும் என்று பார்ப்போம். அங்கே குறுக்கு விசை 2-க்குப் பின்னிழுப்பு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுவைக் கோணம் ஏறத்தாழ 27 பாகையாகிவிடும். பாய் மாறவில்லை, அதன் 14-ஐக் கூட்டினால் 41. அதே 20 கி.மீ. காற்றில், அதே 50 பாகைப் பாதையில் அந்தப் படகின் வேகம் எவ்வளவு? முக்கோணத்தில் சைன் விதியைப் பயன்படுத்துங்கள்: 20-ஐ சைன் 9 பாகையால் பெருக்கி, சைன் 41 பாகையால் வகுக்க வேண்டும். மணிக்கு 5 கி.மீ. கூட வரவில்லை! 16 கி.மீ. எங்கே, 5 கி.மீ. எங்கே? வேறுபாடு முழுவதும் நீருக்கடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

இறக்கி ஏற்றும் பலகை

அந்த நீரடிப் பாய் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? கடல் நீரின் அடர்த்தி காற்றினுடையதைப் போல் ஏறத்தாழ 850 மடங்கு. விசை அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. பாயின் மேல் காற்று 33 கி.மீ. வேகத்திலும், பலகையின் மேல் நீர் 16 கி.மீ. வேகத்திலும் பாய்கின்றன. கணக்கிட்டால், ஒரே பரப்புக்கு நீர் தரும் விசை சுமார் 200 மடங்கு. ஆகவே 20 சதுர மீட்டர் பாய்க்கு ஈடு கொடுக்க 0.1 சதுர மீட்டர் பலகை போதும் என்றாகிறது. பள்ளிச் சிறுவர்களின் சிலேட்டுகள் இரண்டின் பரப்புதான்! நடைமுறையில் இதைவிடப் பெரிதாகவே வைப்பர். திரும்பும்போது படகின் வேகம் குறைந்துவிடும். வேகம் பாதியானால் விசை கால் பங்காகும்.

பரப்பைவிட வடிவம் முக்கியமானது. பலகையின் ஒரு பக்கம் அழுத்தம் அதிகம், மறுபக்கம் குறைவு. எனவே பலகையின் கீழ்முனையைச் சுற்றிக்கொண்டு நீர் தப்பித்து ஓடப் பார்க்கும். அங்கே சுழி உண்டாகும்; அந்தச் சுழியை உண்டாக்கச் செலவாகும் ஆற்றல் பின்னிழுப்பாக நம்மிடமே வசூலிக்கப்படும். முனை எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இழப்புக் குறையும். ஆகையால் ஆழமாக இறங்கும் ஒடுங்கிய பலகை சிறந்தது. ஆழமில்லாத நீண்ட பலகை மோசமானது. கழுகின் இறக்கை நீண்டிருப்பதும் இந்தக் காரணத்தால்தான்.

இங்கேதான் நம் கட்டுமரம் திரும்பவும் வருகிறது. கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய தட்டையான மிதவைக்கு ஆழம் கிடையாது. கடுகின் மேல் வைத்த பலகை போன்றதே அது. அதன் மேல் பாயை விரித்தால் காற்றோடுதான் போக முடியும். ஆனால் சோழமண்டலக் கரை மீனவர்கள் பாய் விரித்து ஓடும்போது ஒரு பலகையை நீருக்குள் செங்குத்தாக இறக்கி வைத்தார்கள். தேவையில்லாதபோது உயர்த்திக்கொள்ளலாம், கரையேறும்போது மணலில் இடிக்காது.

இது வெறும் வசதிக்காகச் செய்ததன்று. விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்றோடு மீன்பிடிக்கச் சென்று, பிற்பகலில் கடற்காற்றோடு திரும்புவதே அவர்கள் வழக்கம். ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் பருவக்காற்று மேற்கிலிருந்து வலுத்து வீசும். நம் ஊரில் சைக்கிளைத் தள்ளும் அதே காற்றோட்டம் கிழக்குக் கடற்கரையைக் கடந்து கடலுக்குள் செல்கிறது. அத்தகைய நாளில் கடற்காற்று வரத் தாமதமாகும்; சில நாள் வராமலே போகும். கரை மேற்கே, காற்றும் மேற்கிலிருந்து. எதிர்க்காற்றில் ஏற முடியாத மிதவை ஆழ்கடலை நோக்கி ஒதுங்கிக்கொண்டே போகும். துடுப்பு வலிக்கும் கைகளுக்கு ஓர் எல்லை உண்டு. அப்போது வீடு திரும்புவதும் திரும்பாததும் அந்தப் பலகையைப் பொறுத்ததாகிவிடும்.

தென் அமெரிக்காவின் பால்சா மரத் தெப்பங்களிலும் இத்தகைய பலகைகள் இருந்தன. 1947-இல் தார் ஹெயர்டால் 'கான்-டிக்கி' தெப்பத்தில் பெரு நாட்டிலிருந்து பசிபிக் கடலைக் கடந்தபோது, காற்றும் நீரோட்டமும் கொண்டு சென்ற வழியில்தான் பெரும்பாலும் போக முடிந்தது. அப்பலகைகளின் உண்மையான பயனை 1953-இல் ஈக்வடார் கரையில் சோதனை செய்தபோதுதான் அவர் முழுமையாக உணர்ந்தார். பலகைகளை ஏற்றியும் இறக்கியும் தெப்பத்தை எதிர்க்காற்றில் ஏற்ற முடிந்தது. பிரேசில் நாட்டு மீனவர்களின் 'ஜங்காடா' தெப்பத்திலும் நடுவே பலகையுண்டு. அப்பெயர் போர்த்துகீசியர் மூலமாகச் சென்ற 'சங்ஙாடம்' என்ற மலையாளச் சொல் என்பது நமக்கு இன்னும் ஒரு வியப்பு.

நம் கரையில் 1980-களிலிருந்து கட்டுமரங்களில் எஞ்சின் ஏறத் தொடங்கியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. பாய் விரித்துப் பலகை இறக்கும் கலை பெரும்பாலும் முதியவர்களின் நினைவில்தான் இருக்கிறது.

இரண்டு படகுகள், இரண்டு வழிகள்

பந்தய இரட்டைப் படகுகளுக்குத் திரும்புவோம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹோபி ஆல்டர் 1970 வாக்கில் உருவாக்கிய 'ஹோபி 16' உலகில் மிகப் பரவலானது. நீளம் 5 மீட்டர், எடை 145 கிலோ, பாயின் பரப்பு சுமார் 20 சதுர மீட்டர். கடற்கரை மணலிலிருந்து அலைகளைத் தாண்டி ஓட்டுவதற்காகச் செய்ததால் இதில் பலகையே இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வோர் ஓடத்தின் வெளிப்பக்கத்தைத் தட்டையாகவும் உட்பக்கத்தை வளைவாகவும் அமைத்தார்கள். காற்று வரும் பக்கத்து ஓடம் நீரிலிருந்து எழும்பியதும், எதிர்ப்பக்கத்து ஓடம் நீருக்குள் செங்குத்தாக நிற்கும் ஓர் இறக்கையாகி, படகைக் காற்றை நோக்கி உந்துகிறது. அழகான தீர்வுதான். ஆனால் அந்த இறக்கை 5 மீட்டர் நீளமும் மிகச் சிறிய ஆழமும் கொண்டது. மேலே சொன்ன சுழி இழப்புக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைக்காது.

இங்கிலாந்தின் ராட்னி மார்ச் 1967-இல் வடிவமைத்த 'டொர்னாடோ' மற்றொரு வழியில் சென்றது. 6.1 மீட்டர் நீளமுள்ள இப்படகின் ஒவ்வோர் ஓடத்திலும் ஆழமாக இறங்கும் ஒடுங்கிய பலகை உண்டு. 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக் பந்தயங்களில் ஓடிய இரட்டைப் படகு இதுவே. எதிர்க்காற்றில் ஹோபியால் இதனை நெருங்க முடியாது.

பலகையில்லாத படகை வைத்திருப்பவர் என்ன செய்யலாம்? விதிகள் இடம் கொடுக்காவிட்டால் பலகை பொருத்த முடியாது. ஆட்கள் முன்னே நகர்ந்து அமரலாம். ஓடத்தின் ஆழமான முன்பாதி நீருக்குள் நன்றாக அழுந்தினால் பக்க நழுவல் குறையும். முன்மூக்கு முழுகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரட்டைப் படகு முன்புறமாகக் குட்டிக்கரணம் போடுவது அரிதன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் வேகம் எடுத்துக்கொண்டு பிறகுதான் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்ப வேண்டும். வேகமில்லாத ஓடத்தில் குறுக்கு விசையே இல்லை. இதனை அறியாதவர் தொடக்கத்திலேயே மூக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு, தாம் காற்றை நோக்கிப் போவதாக எண்ணிப் பக்கவாட்டில் ஒதுங்கிக்கொண்டிருப்பார்.

பாயின் பங்கை நான் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். அதன் 14 பாகையிலும் குறைக்க இடமுண்டு. இரட்டைப் படகுக்குச் சார்புக் காற்று எப்போதும் முன்னாலிருந்து வருவதால், பாய் பை போல உப்பியிருக்கக் கூடாது. தட்டையாக இருக்க வேண்டும். அதற்காகவே பாயின் அகலம் முழுவதற்கும் குறுக்குக் குச்சிகள் செருகியிருப்பார்கள். பின் ஓரம் தளர்ந்து உச்சியில் காற்று வழிந்துவிடாதவாறு கயிற்றை நன்றாக இழுத்துப் பிடிக்க வேண்டும். பாய்மரம் தன் அச்சில் சிறிது சுழலுமாறு அமைந்தால், அதன் பின்னே கலக்கமடைந்த காற்று பாயின் முன் ஓரத்தைக் கெடுக்காது. வெளியே தொங்கும் ஒவ்வொரு கயிறும் பின்னிழுப்பைக் கூட்டுகிறது. வட்டமான கயிற்றின் பின்னிழுப்பு, அதே பருமனில் மீன் வடிவம் கொண்ட சட்டத்தினுடையதைப் போல் பத்து மடங்கு இருக்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆளும் காற்றுக்கு ஒரு தடையே.

காற்று வலுத்தால் வேறொரு எல்லை குறுக்கிடும். ஹோபி போன்ற படகில் தலா 65 கிலோ எடையுள்ள இருவர் பாய்மரத்தில் கட்டிய கம்பிகளில் தொங்கி, வெளியே சாய்ந்திருக்கிறார்கள் என்று கொள்வோம். எதிர்ப்பக்கத்து ஓடத்தைச் சுற்றி, படகின் எடையும் ஆட்களின் எடையும் தரும் திருப்புத்திறன் தோராயமாக 540 கிலோ-மீட்டர் அளவு வரும். பாயின் விசை 3.5 மீட்டர் உயரத்தில் செயல்படுவதாகக் கொண்டால், பக்கவாட்டு விசை 155 கிலோவைத் தாண்டும்போது படகு கவிழும். நம் எடுத்துக்காட்டின்படி முன்னோக்கிய விசை இதில் கால் பங்கு, 39 கிலோதான். ஒரு சிமெண்டு மூட்டையின் எடைகூட இல்லாத இந்த விசைதான் படகை எதிர்க்காற்றில் ஏற்றுகிறது! ஆகவே பலத்த காற்றில் பாயின் உச்சியைத் தளர்த்தி, விசையின் மையத்தைக் கீழே கொண்டுவருவார்கள். காற்றுப் பக்கத்து ஓடம் நீரை மயிரிழையில் விட்டு எழும்பியிருப்பதே சிறந்த நிலை. அதற்குமேல் எழும்பினால் பார்ப்பவர்களுக்கு வேடிக்கை, ஓட்டுபவருக்கு இழப்பு. பலகையும் பாயும் சாய்ந்துபோய்க் குறுக்கு விசை குறையும்.

நீரில் மிதப்பதையே கைவிட்ட படகுகளும் உண்டு. 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கோப்பைப் பந்தயத்தில் 72 அடி நீள இரட்டைப் படகுகள், வளைந்த பலகைகளின் மேல் எழும்பி, ஓடங்கள் நீரைத் தொடாமல் பறந்தன. ஒலிம்பிக்கில் இப்போது ஓடும் 'நாக்ரா 17' இரட்டைப் படகும் அவ்வாறே பறக்கிறது. சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இல் தொடங்கியது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒற்றை ஓடப் படகைச் செலுத்தினார். அந்தப் படகிலும் நடுவே இறக்கும் பலகை உண்டு.

எவ்வளவு சாய்வாகச் செல்வது?

கடைசியாக ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. காற்றுக்கு மிக நெருங்கிச் சென்றால் தூரம் குறையும், வேகமும் குறையும். விலகிச் சென்றால் வேகம் கூடும், தூரமும் கூடும். எது நல்லது? படகின் வேகத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால், காற்றை நோக்கி உண்மையில் முன்னேறும் வேகம் கிடைக்கும். ஒரு படகு 40 பாகையில் 12 கி.மீ., 50 பாகையில் 16 கி.மீ., 60 பாகையில் 18 கி.மீ. வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். முன்னேற்றம் முறையே 9.2, 10.3, 9 கி.மீ. என வருகிறது. மிக நெருங்கிச் சென்றவரும் மிக வேகமாகச் சென்றவரும் ஏறக்குறைய ஒரே அளவில் தோற்கிறார்கள். நடுவில் சென்றவர் வெல்கிறார். இந்த நடுக்கோணம் படகுக்குப் படகு, காற்றுக்குக் காற்று மாறும். ஒற்றை ஓடப் படகைக் காட்டிலும் இரட்டைப் படகுக்கு அது சற்று அகலமாகவே இருக்கும்; வேகத்தால் அது பெறும் ஆதாயம் அதிகம்.

திரும்பும் இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எடை குறைந்த படகுக்கு உந்தம் குறைவு. காற்றுக்கு நேரே மூக்கு வரும்போது பாயில் விசை இராது. உந்தம் மட்டுமே அதனைக் கடத்த வேண்டும். சுக்கானைச் சட்டென்று முறித்தால் அதுவே தடையாகிப் படகை நிறுத்திவிடும். ஆகவே இரட்டைப் படகோட்டி அடிக்கடி திரும்ப மாட்டார். நீண்ட ஓட்டங்களாகவே அமைத்துக்கொள்வார்.

இத்தனை மாற்றங்களில் எது பயன் தந்தது என்று கண்டறிய நல்ல ஓட்டுநர்கள் ஓர் எளிய முறையைக் கையாளுகிறார்கள். ஒரே மாதிரியான இரண்டு படகுகளை ஒரே காற்றில் அருகருகே ஓட்டுவார்கள். ஒன்றில் மட்டும் ஒரே ஒரு மாற்றம் செய்வார்கள்: கயிற்றை இரண்டு விரற்கடை இழுப்பது, அல்லது ஆள் ஒரு முழம் முன்னே நகர்வது. பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தபின், மாற்றத்தை மற்றப் படகுக்கு மாற்றி இன்னொரு பத்து நிமிடம் ஓட்டுவார்கள்.